குப்பை போகும் ஆறு

திருவனந்தபுரத்தின் தம்பானூர் ரயில் நிலையத்தில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்து நிற்கிறவர்களில் பலருக்கு, தண்டவாளங்களுக்கு அடியில் ஒரு தோடு ஓடுகிறது என்பது 2024 ஜூலை 13 வரை தெரியாது. தோடு என்றால் மலையாளத்தில் ஓடை. ஆமையிழஞ்சான் தோடு என்று அதற்குப் பெயர். பெயரில் ஆமை இருக்கிறது, நீரில் இருந்தவை பாட்டில்களும் பைகளும். அன்று காலை, ரயில்வேயின் ஒப்பந்ததாரர் வழியாகக் கூலிக்கு வந்த ஒரு தொழிலாளி அதைச் சுத்தம் செய்ய இறங்கினார். மழை வலுத்து வெள்ளம் பெருகியது. நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்க வாய்க்குள் அவர் இழுத்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையின் முக்குளிப்போர், தேசியப் பேரிடர் மீட்புப் படை, கடற்படை, எந்திர மனிதன் என எல்லாரும் எல்லாமும் வந்து தேடினார்கள். உள்ளே ஆள் நகர முடியாதபடி குப்பை இறுகிக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி, தகரப்பறம்பு அருகே உடல் மிதந்தது.

அதன்பிறகு நடந்தது நமக்குப் பழகிய கூத்து. குப்பை மாநகராட்சியுடையது என்றது ரயில்வே. நிலம் ரயில்வேயுடையது என்றது மாநகராட்சி. உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. இரண்டில் எது குற்றவாளி என்று ஊரெங்கும் பட்டிமன்றம் நடந்தது. அந்தக் குப்பை எந்த அடுக்களையிலிருந்து புறப்பட்டது என்ற கேள்வியை யாரும் எழுப்பியதாகத் தெரியவில்லை. பொருளைக் காசு கொடுத்து வாங்கியவன், அது மண்ணோடு மண்ணாகும்வரை அதற்குப் பொறுப்பாளி. வாசற்படியைத் தாண்டியதும் அந்தப் பொறுப்பு கழன்றுவிடுவதில்லை. வீட்டுக்குள் குறைவாக வாங்குவதும் குறைவாக எறிவதும் நாகரிகப் பொழுதுபோக்கல்ல, கடமை. இக்கட்டுரையின் தீர்ப்பு இதுதான். மறைத்து வைத்துக் கடைசியில் சொல்வதற்கில்லை.

வள்ளுவர் இதை வலியறிதல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வருவாய் சிறிதாக இருந்தாலும் கேடில்லை, செலவு அகலாதிருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. வருகிற வழியையும் போகிற வழியையும் ஆறு என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார். அரசனுக்குச் சொன்ன பொருளாதாரப் பாடம் அது. ஆனால் தம்பானூர்த் தோட்டின் கரையில் நின்று யோசிக்கிறவனுக்கு அந்தச் சொல் வேறு பொருளும் தரும். வீட்டுக்குள் பொருள் வரும் ஆறு அகன்றுகொண்டே போக, அது வெளியேறும் ஆறு மட்டும் எப்படிக் குறுகலாக இருக்கும்? அடுத்த குறளில் அளவறிந்து வாழாதவனின் வாழ்க்கை இருப்பதுபோலத் தோன்றி இல்லாமல் போகும் என்கிறார். மழை பெய்த ஒவ்வொரு தடவையும் தம்பானூர்ச் சாலை குளமாவதைப் பார்த்தவர்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

நம் மரபில் இதைச் சொல்லாதவர் யார்? உலகத்தை ஒரு குடையின்கீழ் ஆள்பவனுக்கும், இரவு பகல் உறங்காமல் விலங்கின் பின்னால் ஓடும் வேடனுக்கும் சோறும் துணியும் ஒரே அளவுதான் என்று புறநானூற்றில் நக்கீரனார் பாடினார். அந்தப் பாட்டு ஈகைக்காகப் பாடப்பட்டது என்பது உண்மை. இருந்தாலும் தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்ற உண்மையின் மேல்தான் ஈகையே நிற்கிறது. ஆசாரக்கோவை பாடிய பெருவாயின் முள்ளியார் இன்னும் இறங்கி வருகிறார். எச்சிலும் கழிவும் எங்கெங்கே விழக்கூடாது என்று பட்டியலே போடுகிறார். புல், வழி, நிழல், நீர் எல்லாம் அதில் உண்டு. நூற்றைம்பது அடி தள்ளிக் குப்பைத் தொட்டி இருக்க, பாலத்தின் மேலிருந்து பையை வீசும் நம்மவருக்கு அந்தப் பட்டியலை ஓதிக்காட்ட வேண்டும். சமணர் பொருள் பற்றின்மையை ஐம்பெரும் நோன்புகளில் ஒன்றாக்கினார்கள். திருவனந்தபுரத்தைச் சேர்ந்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, 1928இல் சிவகிரி யாத்திரைக்கு அனுமதி தந்தபோது அதன் எட்டு நோக்கங்களில் கல்விக்கு அடுத்ததாகத் தூய்மையை வைத்தார். பக்தியே அதற்குப் பிறகுதான் வருகிறது. கவனிக்க வேண்டிய வரிசை அது.

தூய்மை என்றதும் வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைப்பதோடு நம் மனம் நின்றுவிடுகிறது. புறத்தூய்மைக்கு நீர் போதும், அகத்தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்று வாய்மை அதிகாரம் பிரித்துக் காட்டுகிறது. வீடு பளிச்சென்று இருக்கலாம். கூட்டியதை எங்கே கொட்டினாய் என்று யாராவது கேட்டால் உண்மையைச் சொல்ல நா எழுமா?

எழாது என்பதற்கு இந்த நகரத்தின் வரலாறே சாட்சி. திருவனந்தபுரத்தின் குப்பை முழுவதும் பல ஆண்டுகள் விளப்பில்சாலை என்ற கிராமத்துக்குப் போனது. அங்கே கிணறும் காற்றும் கெட்டன. மக்கள் போராடி 2011 டிசம்பரில் ஆலைக்குப் பூட்டுப் போட வைத்தார்கள். மறு ஆண்டு போலீஸ் பாதுகாப்போடு உள்ளே நுழையப் பார்த்தபோதும் வழிமறித்து நின்றார்கள். தலைநகரம் அப்போதுதான் முதன்முறையாகத் தன் குப்பையைத் தானே முகர்ந்தது. அப்படியும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவுகள் எல்லை தாண்டி, திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கோடகநல்லூர் வட்டாரத்தில் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகு லாரிகள் வந்து திரும்ப அள்ளிச் சென்றன. கேரளத்தை மட்டும் திட்டித் தீர்த்துவிட்டு நாம் தூங்கிவிட முடியாது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டை எழுப்பியது எந்த மாநிலத்தான்?

வீட்டுக்குள் குறைப்பது கடமை என்பதற்கு ஒரு மறுப்பு உண்டு. தனிமனிதன் துணிப்பை தூக்குவதால் என்ன ஆகிவிடும், பிளாஸ்டிக்கை உற்பத்தி செய்யும் நிறுவனத்தையும் கண்காணிக்காத அரசையும் கேளுங்கள் என்பார்கள். நியாயம் இருக்கிறது. கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்தது, பாட்டில் வாங்க முடியாத கூலிக்காரருக்கும் கிடைக்கட்டும் என்றுதான். அந்தப் பொட்டலத்துக்காக அவர்களைக் குற்றம் சொல்வது அறமாகாது. உற்பத்தியாளரே திரும்பப் பெற வேண்டும் என்று பிளாஸ்டிக் கழிவு பற்றிய 2016ஆம் ஆண்டு விதிகளும் சொல்கின்றன. சொல்லட்டும், நிறைவேற்றட்டும். ஆனால் மாதச் சம்பளம் வாங்கி, ஒரு தேங்காய்ச் சில்லுக்கும் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு ஆள் வரவழைக்கிற நடுத்தர வீட்டார் அந்தக் கூலிக்காரரின் பின்னால் ஒளிந்துகொள்வதை என்னவென்று சொல்வது?

செய்ய வேண்டியவை எளியவை. அதனால்தான் யாரும் மதிப்பதில்லை. பச்சை மீனுக்குத் தூக்குப் போணி, காய்க்கு மஞ்சப்பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு மஞ்சப்பையை மீண்டும் கொண்டுவரத் திட்டம் அறிவித்தபோது சிரித்தவர்கள் உண்டு. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு ஊர் சுற்றியவர்களைப் பட்டிக்காடு என்று சிரித்த அதே வாய்கள். மிஞ்சிய சோற்றில் நீரூற்றி வைத்தால் காலைக்குப் பழையது. ஓட்டை போட்ட மண்பானையில் தோலையும் தொலியையும், காய்ந்த இலையையோ தென்னைநார்க் கழிவையோ, மாற்றி மாற்றிப் போட்டு மூடினால் இரண்டு மூன்று மாதத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு உரம். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் ஒரு பிடி காய்ந்த இலை போட வேண்டும், அவ்வளவே. சிரட்டை அகப்பையானதையும், கிழிந்த வேட்டி கரித்துணியானதையும் நம் பாட்டிமார் சுற்றுச்சூழல் என்று அழைக்கவில்லை. சிக்கனம் என்றார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று மொழிபெயர்த்தது நாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது: வாங்காமல் இருப்பது. மறுசுழற்சி என்ற சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு வாங்குகிறவனைவிட, வேண்டாம் என்று கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்புகிறவன் மேல்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு அரைகுறை. நம் வீட்டுக் கழிவு எங்கோ போய்ச் சேரும்போது அதற்குள் இறங்குவது யார்? கையால் மலம் அள்ளுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடையில் இறங்கிச் செத்தால் முப்பது லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சாவு நிற்கவில்லை, தொகைதான் ஏறியிருக்கிறது. பெரும்பாலும் குறிப்பிட்ட சில சாதிகளைச் சேர்ந்தவர்களே இறங்குகிறார்கள். மூன்று பிள்ளைகளின் பிறந்தநாளில் தூக்கி எறிந்த நெகிழித் தட்டுகளை ஒருவன் கழுத்தளவு நீரில் நின்று இழுக்க வேண்டியிருக்கிறது என்றால், அந்தக் கொண்டாட்டத்தில் அவனும் கூலியில்லாமல் வேலை பார்த்தவன்தான்.

இன்று திருவனந்தபுரத்தில் குப்பை சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் சாக்குப் பையோடு வீடு வீடாக வருகிறார்கள். மக்காத குப்பையைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்காகவே சில வீடுகளில் துணிக்கொடியின் ஓரத்தில், சட்டைகளுக்குப் பக்கத்தில், கிளிப் மாட்டிய பால் உறைகள் தலைகீழாகத் தொங்கி நீர் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு மாதத்தில் எத்தனை உறை என்பது அங்கே பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிகிறது, தெருவுக்கும் தெரிகிறது.