போட்டிக்கு முன் எழும் அச்சம் ஈமானின் குறையா?

கோட்டைப்பட்டினம் பகுதி வாலிபர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் வந்தார். புதுக்கோட்டையில் ஓட்டப்பந்தயம். கோட்டில் நின்றதும் கைகால் நடுங்குகிறதாம், நெஞ்சு படபடக்கிறதாம். "ஹஜ்ரத், எனக்குத் தவக்குல் இல்லையோ?" என்று கண்கலங்கக் கேட்டார். தோல்வியைவிடத் தம் ஈமானைப் பற்றியே அவருக்குக் கவலை!

திருக்குர்ஆனின் தாஹா அத்தியாயத்தைச் சிந்திப்போம். பண்டிகை நாள், மக்கள் திரண்டிருக்கிறார்கள். சூனியக்காரர்களின் கயிறுகளும் தடிகளும் நெளிந்தோடுவதாகத் தோன்றுகின்றன. அவ்வேளை மூஸா (அலை) அவர்களின் உள்ளத்திலும் அச்சம் எழுந்ததாக அல்லாஹ்வே அறிவிக்கிறான். அதற்காக அவன் கண்டிக்கவில்லை. தைரியமூட்டி, கையிலுள்ளதைப் போடச் சொன்னான். ஆகவே அச்சம் எழுவது குற்றமன்று. அதற்கு அடிபணிந்து செய்ய வேண்டியதைக் கைவிடுவதே குறை.

அப்படியானால் மனதைப் பழக்குவது தவக்குலுக்கு முரணா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மனமும் மிரளும் ஒட்டகமே. துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏழாமிடமே பெற்றார். பின்னர் பெய்ஜிங் அரங்கைப் போல ஒரு மண்டபத்தை அமைத்து அதில் சுட்டுப் பழகினார். 2008இல் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கிடைத்தது. பழகிய இடத்தில் அச்சம் தணிகிறது. மூச்சை மெதுவாக விட்டால் நெஞ்சுத் துடிப்பும் தணிகிறது. இவையெல்லாம் ஒட்டகத்தைக் கட்டும் கயிறுகள்.

ஆனால் ஓர் எச்சரிக்கை! "உழைத்திருக்கிறேன், இயன்றவரை ஓடுவேன்" என்பது உண்மையான தன்னம்பிக்கை. "வெற்றி எனக்கே" என்பதோ, அல்லாஹ்வின் கையிலுள்ளதை நம் கையில் இருப்பதாக எண்ணுவது. அந்த எண்ணமே நடுக்கத்தை வளர்க்கிறது. நாயகம் (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகத்தை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவரின் ஒட்டகம் முந்தியது. ஸஹாபாக்கள் மனம் வருந்தினார்கள். உலகில் உயர்ந்த எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் நியதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். அந்தத் தோல்வியால் யாருடைய கண்ணியம் குறைந்தது?

வாலிபரிடம் இதையே சொன்னோம். தோழர்களைச் சுற்றிலும் நின்று கூச்சலிடச் சொல்லி ஓடிப் பழகுமாறும், ஒளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுப் புறப்படுமாறும் கூறினோம். நடுக்கத்தோடேயே ஓடி முடித்ததாக அடுத்த ஜும்ஆவில் சொன்னார். எத்தனையாவது இடம் என்று நாம் கேட்கவில்லை.

முயற்சியையும் தவக்குலையும் ஒருசேர நமக்கு வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.