பேர் வாங்கித் தருவது

'ஊருக்குப் பேர் வாங்கித் தந்தவன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. யார் யாருக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதுதான் தெளிவாக இல்லை.

வேப்பூர் கூட்டுரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் நின்றபோது இது பற்றி யோசிக்க நேர்ந்தது. சென்னை - திருச்சி சாலையில் போகிறவர்களுக்கு வேப்பூர் பஸ் நிற்கும் இடம். ஆட்டு வியாபாரிகளுக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை. கிழக்கே திரும்பினால் விருத்தாசலம், பீங்கான் சூளைகள். உடன் வந்த வெளியூர் நண்பர் கேட்டார்: "இந்தப் பக்கத்தில் பேர் சொல்லும்படி யார் இருக்கிறார்கள்?" இரண்டு மூன்று பெயர்களைச் சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு ஒரு கூச்சம். அவர்களுடைய பிரசித்தியில் எனக்கு என்ன பங்கு? அவர்கள் எழுதியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

இதை ஜமைக்காவை வைத்துப் பார்ப்பது சௌகரியம். 1962ல் சுதந்திரம் பெற்ற ஒரு சின்னத் தீவு. ஜனத்தொகை சுமார் 28 லட்சம். 2011 கணக்குப்படி கடலூர் மாவட்டத்துக்கே 26 லட்சம். அந்தச் சின்ன இடத்திலிருந்து உலகம் முழுக்கத் தெரிந்த பெயர்கள் எத்தனை! பாப் மார்லியின் படம் போட்ட பனியன் நம் சந்தைகளிலும் தொங்குகிறது. ஆனால் நான் சொல்ல வருவது மார்லியைப் பற்றி அல்ல.

மார்கஸ் கார்வி 1887ல் அங்கே பிறந்தவர். 1914ல் அவர் துவக்கிய இயக்கம், பின்னர் நியூயார்க்கைத் தளமாகக் கொண்டு, லட்சக்கணக்கான கறுப்பு மக்களுக்குத் தங்களைப் பற்றிய புதிய பிரக்ஞையைத் தந்தது. அமெரிக்கா அவரைச் சிறையில் வைத்து, 1927ல் நாடு கடத்தியது. ஊர் திரும்பியவர் 1930ல் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றார். 1940ல் லண்டனில் இறந்தார். 1964ல் அவர் உடலைக் கொண்டுவந்து அடக்கம் செய்து, முதல் தேசிய வீரர் என்று அறிவித்தது ஜமைக்கா.

'இருக்கும்போது தோற்கடித்து, செத்தபின் சிலை வைக்கும் ஜனங்கள்' என்று நம் வழக்கப்படி கசந்துகொள்வது எளிது. ஆனால் ஒரு தகவல் அந்தக் கசப்பைக் கலைத்துவிடுகிறது. 1930ல் கார்வியின் கூட்டங்களுக்கு வந்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது, சொத்துள்ளவனுக்குத்தான் ஓட்டு. எல்லோருக்கும் வாக்குரிமை 1944ல்தான் வந்தது. அவரைத் தோற்கடித்த ஊர் வேறு, அவரைத் தன்னவராக நினைத்த ஊர் வேறு. 'ஊர்' என்று ஒருமையில் சொல்லும்போதே நாம் ஒரு பொய்யைச் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். பேர் வாங்கித் தந்தவன் எந்த ஊருக்கு வாங்கித் தந்தான்?

லூயிஸ் பென்னெட் (1919 - 2006) இதை இன்னும் கூர்மையாக்குகிறார். ஜமைக்காவின் சந்தையிலும் தெருவிலும் புழங்கும் பட்வாப் பேச்சில் கவிதை எழுதியவர். அது கெட்டுப்போன ஆங்கிலம் என்பது படித்தவர்களின் தீர்ப்பு. அவரைக் கவிஞர் என்று ஏற்காமல், சிரிப்புக் காட்டும் மேடைக்காரி என்று பல காலம் ஒதுக்கி வைத்தார்கள். அறுபதுகளில் மெர்வின் மாரிஸ் என்ற விமர்சகர், இவரைக் கவிஞராகவே படிக்க வேண்டும் என்று வாதாட வேண்டியிருந்தது. 1967ல் ஜமைக்கப் பேச்சுக்குத் தனி அகராதி வந்தது. தயாரித்தவர்கள் இரண்டு மொழியியல் பேராசிரியர்கள்.

நம் பக்கத்தில் அந்த அகராதி வேலையை ஒரு நாவலாசிரியரே செய்ய வேண்டியிருந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்துக்கொண்டே நடுநாட்டுச் சொல்லகராதியைத் தொகுத்து 2007ல் வெளியிட்டார். 'மல்லாட்டை' என்று சொல்லும் பிள்ளையை 'நிலக்கடலை' என்று திருத்துவதுதான் கல்வி என்று நாம் வைத்திருக்கிறோம். மணிலாவின் பெயரைத் தாங்கி வந்து, நம் கரம்பு மண்ணில் உருமாறிய சொல் அது. திருத்தப்படவேண்டிய பிழை அல்ல. அச்சில் ஏறியதும் அதற்கு ஒரு ஸ்தானம் வருகிறது. ஆனால் அந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள் யார்? களை பறிக்கும்போதும், கொல்லைமேட்டில் சண்டை போடும்போதும் பேசியவர்கள். அட்டையில் அவர்கள் பெயர் இருக்க முடியாது. இது தொகுத்தவர் குற்றமல்ல. புகழின் அமைப்பே அப்படித்தான்.

இவ்வட்டாரத்தின் இன்னொரு எழுத்தாளர் இமையம். 1994ல் வந்த 'கோவேறு கழுதைகள்' புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் வாழ்க்கையைச் சொன்னது. தலித் விமர்சகர்கள் சிலரிடமிருந்தே அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட வேறொன்று என்னை உறுத்துகிறது. 2020க்கான சாகித்திய அகாதெமி விருது அவருக்குக் கிடைத்தபோது நாம் எல்லோரும் 'நம்மவர்' என்றோம். அழுக்கெடுக்க வாசலில் வந்து நின்ற பெண்ணை யாரும் 'நம்மவள்' என்று சொன்னதில்லை. எழுத்தாளன் அவளிடம் கடன்பட்டிருக்கிறான்; அது அவனுக்குத் தெரியும், அதனால்தான் எழுதினான். நாமோ கடன் படாமலே பங்கு கேட்கிறோம்.

மீண்டும் ஜமைக்கா. ஸெஸில் பா (1908 - 2005) அத்தீவின் பெரிய குயக்கலைஞர். இளம் வயதில் அவருக்கு மண்ணைப் பழக்கியவர்கள், சக்கரமில்லாமல் பானையைச் சுற்றி நடந்தே வனையும் தொழில்காரப் பெண்கள். அவர்கள் செய்த 'யாபா' என்ற சட்டியின் பெயரே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு வந்தது என்கிறார்கள். பின்னால் அவர் இங்கிலாந்து சென்று பெர்னார்டு லீச்சிடம் பயின்றார். 1950ல் கிங்ஸ்டனில் கலைப்பள்ளி துவக்கியவர்களில் ஒருவரானார். ஆனால் முதலில் கற்றது யாரிடம் என்பதை மறைக்கவில்லை. அந்தக் கடனை அடைக்க முடியாது. கடன் இருக்கிறது என்று சொல்லலாம். பிரசித்தி பெற்றவனிடம் நாம் எதிர்பார்க்கக்கூடிய தார்மிகம் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது, இவ்வளவே அபூர்வம்.

நம்மிடம் எதிர்பார்க்கக்கூடியது? விருத்தாசலத்துச் சூளையில் கூழை அச்சில் ஊற்றி, காயவைத்து, ஓரம் சீவி எடுக்கும் பொம்மையில் செய்தவர் பெயர் இருப்பதில்லை, வாங்குகிறவர் கேட்பதுமில்லை. நண்பரிடம் நான் சொன்ன பெயர்கள் தவறல்ல. ஆனால் அவர் கேட்டதற்கு அது பாதிப் பதில். மீதிப் பாதி எனக்குத் தெரியவில்லை என்பதுதான் என் கூச்சத்துக்குக் காரணம். டீ ஆற்றித் தந்தவரின் பெயரையும் நான் கேட்டிருக்கவில்லை.