விரலுக்கு வரும் தீங்கைச் சொல்வதா, மறைப்பதா?

சரக்கில் பழுதிருந்தால் வாங்குவோரிடம் சொல்லிவிட்டே விற்க வேண்டும் என்பது நாம் அறிந்த முறை. மருந்துக்கும் இம்முறை பொருந்துமா? பொருந்தாது என்று கூறும் நல்லவர்களும் இருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. கிருமி உடலின் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்தபின் தோன்றும் புற்றுநோய்களில் ஒன்று கப்போசி சார்க்கோமா. தோலில் ஊதாத் திட்டுகளாகக் கிளம்பும். 1872-இல் வியன்னா மருத்துவர் கப்போசி இதை விவரித்தார். 1981-இல் அமெரிக்காவில் இளைஞர் பலரிடம் இது காணப்பட்டபோது மருத்துவ உலகம் திடுக்கிட்டது. இதற்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் ஒன்று, ஜப்பானியர் கண்டுபிடித்த பிளியோமைசின். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில், விலை சகாயம் என்பதால், இது பெரிதும் பயன்பட்டு வந்திருக்கிறது.

ஆனால் சிலருக்கு இம்மருந்து விரல்களின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. குளிர் பட்டதும் விரல் வெளுக்கும், பின் நீலமாகும், நோகும். மிகச் சிலருக்கு இரத்தம் ஓடாமல் விரல் கறுத்து அழுகியதும் உண்டு.

"உயிர் போகும் வேளையில் விரல் பேச்சு எதற்கு? பயந்து மருந்தே வேண்டாம் என்றுவிட்டால்?" என்பர். இவ்வாதத்துக்கு ஒரு காலத்தில் வலு இருந்தது. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்தபின் நிலை மாறிற்று. அவற்றை ஒழுங்காக உண்பவர் பல்லாண்டு வாழ்கிறார். அத்தனை ஆண்டும் அதே விரல்களால்தான் தைக்கவேண்டும், காசு எண்ணவேண்டும்.

மேலும், சொல்வதே ஒரு சிகிச்சை. விரல் வெளுத்த அன்றே வந்தால் மருத்துவர் மருந்தை நிறுத்தலாம், மாற்றலாம். புகைப்பதை விடச் சொல்லலாம். சொல்லாமல் விட்டாலோ, ஏதோ குளிர் என்றெண்ணி அவர் கையைத் தேய்த்துக்கொண்டு வீட்டிலிருப்பார்.

இந்நோய்க்காரருக்கு மருந்து கிடைத்ததே பெரிது, கேள்வி வேறா என்று முகம் சுளிப்போரும் உண்டு. நோய் எப்படி வந்தது என்று பார்த்தா அவருடைய உரிமையை அளப்பது? கடன் பாக்கி வைத்தவருக்கு நாம் எடை குறைத்தா நிறுக்கிறோம்?

"எனக்கு ஒன்றும் சொல்லாதீர்கள், நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்று மருத்துவரின் கையைப் பிடித்துக்கொள்பவரும் உண்டு. அவரிடம் எல்லாவற்றையும் கொட்டவேண்டியதில்லை. ஆனால் விரல் வெளுத்தால் உடனே வாருங்கள் என்பதை அவரிடமே சொல்லியாகவேண்டும். வீட்டாரிடம் சொல்லிவைக்கலாமே என்றால், நோயின் பெயரையே அவர் வீட்டில் சொல்லாமல் இருக்கலாம்.