குற்றவாளி தாதியா, குளிர்சாதனப் பெட்டியா?

கவலையீனம் பாவமா என்று எவரேனும் கேட்டால், ஆம் என்று உடனே விடை சொல்லிவிடுகிறோம். யாருடைய கவலையீனம் என்று கேட்டால் அவ்வளவு விரைவில் விடை வருவதில்லை. அன்பார்ந்த வாசகர்களே, இங்கு தரப்படும் இரு நிகழ்ச்சிகளையும் நிதானமாக வாசித்துத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

சிரியா நாட்டின் இட்லிப் மாகாணத்தில் 2014 செப்டெம்பரில் சின்னமுத்துத் தடுப்பூசி ஏற்றப்பட்ட 15 குழந்தைகள் மாண்டனர். தடுப்பூசியில் பிழை எதுவும் இருக்கவில்லை. அது தூளாக வருவது. அதற்கென அனுப்பப்படும் திரவத்தில் கரைத்தே ஏற்றவேண்டும். அத்திரவத்துக்குப் பதிலாக அட்ராகியூரியம் என்னும் மருந்து கலக்கப்பட்டுவிட்டது. சத்திரசிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்துவதற்கு உதவும் மருந்து அது. மூச்சை இயக்கும் தசைகளையும் ஓயச் செய்துவிடுமாதலால், செயற்கைச் சுவாசம் கொடுக்க வசதியில்லாத இடத்தில் அது நஞ்சுக்குச் சமம். இரண்டும் ஒரே குளிர்சாதனப் பெட்டியில் இருந்தன.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2018 யூலையில், பசுபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா நாட்டின் சவாயித் தீவில் ஒரு வயதுக் குழந்தைகள் இருவர் ஒரே நாளில் இறந்தனர். அதே வகை மருந்து, அதே மாறாட்டம். தாதியர் இருவர் நீதிமன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். 2019இல் ஒவ்வொருவருக்கும் ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

குப்பியில் ஒட்டியிருப்பதை வாசிக்காமல் ஊசி ஏற்றுவது குற்றமே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முன் இதற்குச் சாக்குச் சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு உரிய மருந்து தடுப்பூசி போடும் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது எப்படி? அங்கே அது இருக்கக்கூடாதென்று ஊழியருக்குக் கற்பித்தவர் யார்? கற்பிக்க வேண்டியவர் யார்? இட்லிப்பில் நடந்ததை உலகம் அறிந்திருந்தது. அறிந்தும் சொல்லிக்கொடுக்காதவர்கள் எந்தக் கூண்டிலும் ஏறவில்லை.

சமோவாவில் பின்னர் நடந்ததையும் கேளுங்கள். அரசு அத்தடுப்பூசியைச் சில மாதங்கள் நிறுத்திவைத்தது. ஏற்கெனவே குறைந்திருந்த தடுப்பூசி ஏற்றம், மக்களின் அச்சத்தால் மேலும் குறைந்தது. 2019இன் இறுதியில் சின்னமுத்து பரவி 83 பேரைக் கொண்டுபோயிற்று. பெரும்பாலானோர் பாலகர். இவர்களை எவருடைய கணக்கில் எழுதுவது?

'பல வருடம் அனுபவமுள்ள எனக்கு அலுமாரி அடுக்கப் படிப்பிக்க வருகிறார்களோ?' என்று நல்ல ஊழியர் மனம் நோவதுண்டு. அது இயல்பே. மோர்பீனைப் பூட்டிவைத்துப் பதிவேட்டில் எழுதுவதற்குக் களவைப் பற்றிய சந்தேகமும் ஒரு காரணம். அடர்த்தியான பொட்டாசியம் குளோரைட்டை விடுதியிலிருந்து அகற்றுவது அப்படியன்று. பார்வைக்குத் தண்ணீர்போல இருக்கும் அதை நீர்க்காமல் நாளத்தில் வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நடுச்சாமத்தில் களைத்திருக்கும் நேர்மையான கையிலிருந்து நோயாளியைக் காப்பதற்கே அந்த ஏற்பாடு. அதில் அவமானம் எங்கே? நம் வீடுகளில் மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றிவைக்காதே என்று தாய் சொல்வது மகளை நம்பாமையாலா?

பயிற்சி என்ற பெயரில் மண்டபத்தில் சொற்பொழிவும் தேநீரும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கையில்லை. குளிர்சாதனப் பெட்டியின் முன்னாலேயே ஊழியரை நிறுத்தவேண்டும். ஒன்றுபோல் தோன்றும் இரு குப்பிகளைக் கையில் கொடுத்து, மங்கலான வெளிச்சத்தில் வாசிக்கச் சொல்லவேண்டும். தடுப்பூசிப் பெட்டியில் தடுப்பூசியும் அதற்குரிய கரைதிரவமும் தவிர வேறெதுவும், ஊழியரின் சாப்பாட்டுப் பொதிகூட, இருக்கலாகாதென்பதை அங்கேயே காட்டவேண்டும். வெப்பநிலை 2 முதல் 8 பாகைக்குள் நிற்கிறதா என்று அவர்களே பார்த்து எழுதவேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தாதியர் இடமாற்றம் பெற்றுப் போவார்கள். பயிற்சியும் அவர்களோடு போய்விடும். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே இரவுக் கடமைக்கு நிறுத்தப்படுகிறார். அந்த இரவுக்கு முன் அவருக்குப் பெட்டியின் கதவைத் திறந்துகாட்டுவது யாருடைய கடமையென்று, பெரும் வைத்தியசாலையாயினும் கிராமத்து மருந்தகமாயினும், ஒருவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா?