தவறணைக்காரனின் கடன் கொப்பி

வாசகரே, ஒரு கேள்வியை நிதானமாகச் சிந்தித்துப் பாருங்கள். சிறு பட்டினமொன்றிலே தவறணை நடத்தும் ஒருவன், தன்னிடம் குடித்தவனுடைய வீட்டில் அன்றிரவு அடுப்பெரியாமற் போனால் அதற்குப் பொறுப்பாளியா? “நான் விற்றேன், அவன் குடித்தான்” என்பது அவன் பதில். அவனைத் தூற்றும் நம்மிற் பலர் கலியாண வீட்டுக்கு அவனிடமே போத்தல் வாங்குகிறோம். அது வேறு கதை.

13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவைனாஸ் இதையொத்த வினாவை ஆராய்ந்திருக்கிறார். வாள், அம்பு போன்று நன்மைக்கும் தீமைக்கும் உதவக்கூடிய பொருளைச் செய்வது தன்னிலே பாவமன்று. பெரும்பாலும் தீமைக்கே பயன்படுமாயின் ஆட்சியாளர் அத்தொழிலைத் தடுக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பனையும் அப்படித்தான். முட்டியிலே சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு.

தவறணைக்காரனின் சங்கடமும் சிறிதன்று. கள்ளு காத்திராது, இன்று விற்காதது நாளைக்குப் புளித்துப்போகும். சீவல் தொழிலாளிக்கோ இன்றே காசு கொடுக்கவேண்டும். போயா தினத்திற் கடையைப் பூட்டவேண்டும். 21 வயதுக்குட்பட்டவருக்கு விற்கலாகாதென்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சட்டம் வயதைத்தான் கேட்கிறது. நகரத்து முதலாளிக்குக் குடிப்பவனின் முகமே தெரியாது. சிறு பட்டினத்தானுக்கு அந்த வசதியில்லை. எவன் இன்று கூலி வாங்கினான், எவனுடைய பிள்ளை காய்ச்சலிற் கிடக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அறியாதவன் தப்பலாம், அறிந்தவன் எப்படித் தப்புவான்?

“நான் மறுத்தால் கசிப்புக்குப் போவான்” என்கிறானே, அது வெறும் சாட்டன்று. கசிப்பிலே என்ன கலந்திருக்கிறதென்று பரிசோதிப்பார் எவருமில்லை. ஆயினும் அந்த நியாயம் கையிலே காசோடு வருபவனுக்குத்தான் பொருந்தும். வெறுங்கையனை உள்ளே அழைப்பது கடன் கொப்பி. கொப்பி இல்லாவிட்டால் பெரும்பாலும் வீட்டுக்குப் போயிருக்கக்கூடியவன், நாளைய கூலியை இன்றே குடித்துவிடுகிறான். சம்பள நாளிலே மனைவிக்கு முன்னே கடைக்காரன் கணக்குப் பார்க்கிறான். இதனை வியாபாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இது அவ்வீட்டு உலைப்பானையிற் கைவைப்பது. கொப்பி வைக்காதவன் “நான் விற்றேன், அவன் குடித்தான்” என்று சொல்லட்டும்; வைத்திருப்பவன் சொல்லக் கூடாது.

கொப்பியை மூடுபவனுக்கு நட்டம் வரும். பழைய பாக்கி திரும்பாது. அடுத்த கடைக்காரன் கடன் கொடுப்பான். ஆகையால் ஒருவன் தனியே மூடுவதிலும், ஊர்க் கடைக்காரர் அனைவரும் பேசி ஒரே நாளில் மூடுவது இலகு. அதற்குப் புதிய சட்டமொன்றும் வேண்டியதில்லை.