அம்மாவுக்கு டிக்கெட் போடும்போது

சென்னையிலிருந்து நியூவார்க்குக்கு நேர் விமானம் கிடையாது. இங்கே நியூஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் அம்மா அப்பாக்கள் துபாய், லண்டன், பிராங்ஃபர்ட் போன்ற ஏதாவது ஓர் ஊரில் இறங்கி மாறித்தான் வந்தாக வேண்டும்.

உலக உருண்டை ஒன்றை எடுத்து சென்னைக்கும் நியூவார்க்குக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் தலைகாட்டிவிட்டு, கிரீன்லாந்தின் தெற்குப் பக்கமாக அந்த நூல் இறங்கும். நீளம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். துபாய் வழியாகப் போனால் 13,900, லண்டன் வழியாக 13,800. இந்த ஊர்களில் எங்கே மாறினாலும் கூடுவது முந்நூறு நானூறு கிலோமீட்டர்தான். விமானத்துக்கு அது அரை மணி நேரம்.

அப்படியிருந்தும் ஒரு டிக்கெட் இருபது மணி நேரம் என்கிறது, இன்னொன்று முப்பது என்கிறது. அந்தப் பத்து மணி நேரமும் தரையில் உட்கார்ந்து கழிப்பது. வானத்தில் போகும் நேரம் நம் கையில் இல்லை, தரையில் கழியும் நேரம் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் விலையை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அதற்காக இடைவெளி ரொம்பக் குறைவாகவும் இருக்கக் கூடாது. முழங்கால் வலியோடு தனியாக வருகிறவருக்கு எழுபது நிமிட இடைவெளி கொடுமை. லண்டன் ஹீத்ரோவில் டெர்மினல் மாற வேண்டியிருந்தால் பஸ் பிடிக்க வேண்டும், மறுபடி செக்யூரிட்டி வரிசையில் நிற்க வேண்டும். மூன்று மணி நேரம் இருந்தால் பாத்ரூம் போய், மாத்திரை போட்டுக்கொண்டு நிதானமாக நடக்கலாம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். முதலாவது தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு.

இன்னொன்று. உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. ஊருக்குத் திரும்பும்போது அது பின்னாலிருந்து தள்ளும். இங்கே வரும்போது எதிர்த்து வர வேண்டும். அம்மாவின் முதல் பயணமே நீளமான பயணம். டிக்கெட்டைப் பார்த்தால் அது தெரியாது. கோடையில் திங்கள் காலை 4 மணிக்கு மீனம்பாக்கத்தில் புறப்பாடு, அன்றே மாலை 3.30-க்கு நியூவார்க் என்று போட்டிருக்கும். பதினொன்றரை மணி நேரம் போலத் தெரியும். ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தையும் கூட்டினால் இருபத்தொன்று. நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை அந்த வித்தியாசம் பத்தரை மணி நேரம்.

அவர் இறங்கும்போது சென்னையில் இரவு ஒரு மணி. அதற்குப் பிறகுதான் இமிகிரேஷன் வரிசை, பெட்டி, 78-ம் நெடுஞ்சாலையில் மாலை நெரிசல். வந்த அன்றே இங்குள்ள பாலாஜி கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டாம். ரசம் சாதம் கொடுத்துப் படுக்க வையுங்கள். கோவிலுக்கு இரண்டு நாள் கழித்துப் போகலாம்.