இன்னும் ரெண்டு பேர்

"இன்னும் ரெண்டு பேர் எடுக்கல."

பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யில் கண்டக்டர் இதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொல்கிறார். ஏறிய தலைகளும் கொடுத்த டிக்கெட்டும் அவர் மனக்கணக்கில் இடிக்கின்றன. அந்த ரெண்டு பேர் யார் என்பதும் ஏறக்குறையத் தெரியும். ஆனாலும் விரல் நீட்டுவதில்லை. பொதுவாகச் சொல்லிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருக்கிறார். அதற்குள் ஒரு கை சட்டைப் பைக்குள் போகும். "அட, மறந்தே போச்சு" என்று ஒரு குரல் வரும். மறக்கவில்லை என்று பஸ்ஸுக்கே தெரியும். "ஆமா சார், கூட்டத்துல மறந்துதான் போகும். எங்க இறங்கணும்?"

மாட்டிக்கொண்டவருக்கு ஒரு பொய்யை இரவல் கொடுத்து வெளியே வரவைக்கிற இந்தப் பக்குவம் எல்லாக் கண்டக்டருக்கும் இருப்பதில்லை. "ஓய், நீலச் சட்டை, உன்னத்தான்!" என்று தொடங்குகிறவர்களும் உண்டு. நீலச் சட்டை அதற்குப் பிறகு காசு கொடுப்பதில்லை. கொடுத்தால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே. சண்டைதான் போடுவார்.

*

நெரிசல் நேரத்தில் சென்னை பஸ்ஸில் கண்டக்டர் நம்மிடம் வருவது அபூர்வம். நம் காசுதான் அவரிடம் போகிறது. "ஒரு சைதாப்பேட்டை, பாஸ் பண்ணுங்க." நோட்டு தோள்களுக்கு மேலாகக் கை மாறிப் போகிறது. டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில், பெரும்பாலும் அதே கைகளில் திரும்பி வருகின்றன. கொடுத்தவர் கழுத்தைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. நடுவில் யாராவது ஒரு ரூபாயை அமுக்கிக்கொள்ளலாம் என்ற சந்தேகமே யாருக்கும் வருவதில்லை.

டிக்கெட் எடுக்காமல் நிற்பவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். அடுத்தவர் காசை வாங்கி ஒழுங்காக முன்னே கொடுக்கிறார். மீதியைச் சிந்தாமல் பின்னே அனுப்புகிறார். பக்கத்தில் நிற்கிறவரின் ஐந்து ரூபாயைத் தொடக் கூசுகிற கை, தான் கொடுக்கவேண்டிய ஐந்து ரூபாயை வைத்துக்கொள்ளக் கூசுவதில்லை. போக்குவரத்துக் கழகத்தின் பணம் என்றால் அது யாருடைய பணமும் இல்லை என்று மனது தீர்ப்பெழுதிவிடுகிறது. 1972-இல் பல்லவன் என்ற பெயரில் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கழகத்துக்கு முகம் என்று ஒன்று இருந்தால், அது தோல் பை மாட்டிய கண்டக்டரின் முகம்தான். அதனால்தான் ஏய்ப்பவர்கள் அவர் கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள்.

*

பஸ்ஸுக்குள் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை பயணிக்கு மட்டும்தான்: டிக்கெட் இல்லாவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். சட்டத்தில் அது பாதிதான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவில் சீட்டில்லாமல் பயணம் செய்பவரைப் பற்றிப் பேசுகிறது. அடுத்த உட்பிரிவில் கட்டணம் வாங்கத் தவறிய, டிக்கெட் கொடுக்கத் தவறிய, குறைந்த தொகைக்கு டிக்கெட் கொடுத்த கண்டக்டரைப் பற்றி. அவருக்கும் அதே 500. ஏய்த்தவரும் ஏமாந்தவரும் ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அபராதத்தைவிடப் பெரியது மெமோ. செக்கிங் ஏறினால் கண்டக்டரின் தோள் சட்டென்று இறுகுவதைப் பார்த்திருக்கிறேன். பயணிகளின் டிக்கெட் ஒருபுறம், பையிலுள்ள பணம் மறுபுறம். ஒருவர் டிக்கெட் இல்லாமல் அகப்பட்டால் "ஏன் எடுக்கவில்லை" என்று பயணியைக் கேட்பது ஒரு நிமிடம். "ஏன் போடவில்லை" என்று கண்டக்டரைக் கேட்பது பல மாதங்கள் நீளலாம். பயணி அபராதம் கட்டி, கொஞ்சம் வெட்கப்பட்டு, இறங்கிப் போய்விடுகிறார். இவர் விளக்கம் எழுத வேண்டும். அதனால், வாங்காதவர் மேல் அவர் எரிந்து விழுவது பெரும்பாலும் கோபமில்லை, பயம். பயந்தவனிடம் நிதானத்தை எதிர்பார்க்கிறோம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. கிழவர் ஒருவர் கையில் காசில்லாமல் ஏறிவிட்டார், கண்டக்டர் "சரி, உட்காருங்க பெரியவரே" என்று விட்டுவிட்டார் என்றால், சட்டப்படி இரக்கமும் குற்றம். தன் கையால் கொடுக்கக் கண்டக்டருக்கு எதுவும் இல்லை.

*

டிக்கெட் எடுக்காதவர்களில்தான் எத்தனை வகை! "பாஸ்" என்று சொல்லிவிட்டுப் பாஸை எடுக்காதவர். "ஸ்டாஃப்" என்று கண்ணாலேயே சொல்பவர். ஏறியதும் தூங்கிவிடுபவர், இறங்கும் இடத்தில் தானாக விழித்துக்கொள்பவர். குறைந்த ஸ்டேஜுக்கு எடுத்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்; இவர் தன்னை ஏய்ப்பவராக நினைப்பதே இல்லை, கையில்தான் டிக்கெட் இருக்கிறதே. படியில் தொங்கும் பையன்களிடம் பாஸ் இருக்கும், காட்டமாட்டார்கள். அவர்களுக்கு அது பணப் பிரச்சினையே அல்ல, வயது.

ஒரே பதில் இவர்கள் எல்லோருக்கும் பொருந்தாது. தூங்குபவரை எழுப்பலாம். பையனிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டு விடலாம். சட்டம் ஒப்பாவிட்டாலும், நிஜமாகவே காசில்லாதவரிடம் கேட்காமலிருப்பதுதான் மரியாதை. இதையெல்லாம் ஒரு நொடியில், நெரிசலுக்குள், சில்லறையை எண்ணிக்கொண்டே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

*

டிரைவர்?

நம் ஊரில் அவருக்கு இதில் பங்கில்லை என்று நினைக்கிறோம். உண்டு. "ஸ்டேஜ் முடியல, ஓரம் கட்டுண்ணே" என்று பின்னாலிருந்து குரல் வந்தால் நிறுத்துகிறார். டிக்கெட் போட்டு முடிக்க நேரம் தருவது அது, தவறில்லை. ஆனால் அதே நிறுத்தம் சில சமயம் தண்டனையாக மாறும். "அந்த ஆள் எடுக்கிற வரைக்கும் வண்டி நகராது." வெயில் நேரம், என்ஜின் ஓடுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ஐம்பது பேரும் அந்த ஒருவர் பக்கம் திரும்புகிறார்கள். வேலைக்குப் போகிற அவசரம் ஒவ்வொருவரிடமும் நியாயமாக வேஷம் போட்டுக்கொள்கிறது. யாரோ ஒருவர் சட்டையைப் பிடிக்கிறார். அதற்குப் பிறகு நடப்பது டிரைவர் கையில் இல்லை, தொடக்கிவைத்தவர் அவராக இருந்தும்.

ஸ்டீயரிங் பிடித்தவர் தலையைத் திருப்பக் கூடாது என்பதுதான் என் எண்ணம். அவர் கால் இருக்கும் இடம் அப்படி. கோபத்தில் அழுத்திய பிரேக்கில் விழுபவர் டிக்கெட் எடுத்த பாட்டியாகத்தான் இருப்பார்.

நடுவழியில் நிற்காத சில வண்டிகளில் புறப்படும் நிலையத்திலேயே டிக்கெட் போட்டு முடித்துவிட்டுக் கண்டக்டர் இறங்கிவிடுவார், டிரைவர் மட்டும் போவார். வேலை பறிபோகும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, அந்தக் கவலை நியாயமானது. அதில் ஒரு நல்லது மட்டும் கண்ணில் பட்டது: பணப் பேச்சு சக்கரம் உருளுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

*

நியூயார்க் பஸ்களில் கண்டக்டர் இல்லை. டிரைவர் பக்கத்தில் ஒரு கட்டணப் பெட்டி. 2008 டிசம்பர் முதல் தேதி, ப்ரூக்ளினில் பி46 வழித்தட பஸ். ஒருவர் செல்லாத அட்டையோடு ஏறினார். 46 வயது டிரைவர் அவரை இறக்கிவிடவில்லை, போகட்டும் என்று விட்டார். இறங்கும்போது அந்த ஆள் அடுத்த பஸ்ஸுக்கான இலவச மாற்றுச் சீட்டைக் கேட்டார். காசு கொடுக்காதவருக்கு அது கிடையாது என்றார் டிரைவர். கத்திக்குத்தில் அவர் இறந்துபோனார்.

இந்தச் செய்தியில் மனது ஒரே இடத்தில்தான் சுற்றுகிறது. பயணத்தை அவர் தாராளமாக விட்டுக்கொடுத்துவிட்டார். ஒரு துண்டுச் சீட்டில்தான் பிடிவாதம். பெரியதை விட்டவர்களும் சிறியதில் நின்றுவிடுவது உண்டு. தன் வேலைக்கு ஏதோ ஓர் எல்லை வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். அன்று ஒரு பயணத்தின் விலை 2 டாலர்.

பிறகு டிரைவர் இருக்கையைச் சுற்றித் தடுப்புகள் வந்தன. டிரைவர்களுக்கு அங்கே சொல்லப்படுவது இதுதான்: கட்டணம் எவ்வளவு என்று சொல், வாதாடாதே, கொடுக்காமல் போனால் ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய், வண்டியை ஓட்டு. 2022-இல் அந்நகர பஸ்களில் ஏறியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் கட்டணம் செலுத்தவில்லை. அந்த ஆண்டு பஸ்களில் மட்டும் போன தொகை 31.5 கோடி டாலர் என்று போக்குவரத்து ஆணையம் அமைத்த குழு கணக்கிட்டது. டிரைவர் வாயைத் திறந்திருந்தால் இவ்வளவு போயிருக்குமா என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஒரு உயிரைக் கொடுத்து வாங்கிய மௌனம் அது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்த மௌனத்துக்குள் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும்? நாள் முழுக்க ஆட்கள் தன்னைக் காற்றைப்போலக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு, பொத்தானை அழுத்திக்கொண்டு. காசு கொடுத்துவிட்டு ஏறுபவரும் டிரைவரை ஒரு கணம் பார்க்கிறார், நான் மட்டும் இளிச்சவாயனா என்பதுபோல. இதற்கு டிரைவர் என்ன பதில் சொல்ல முடியும்? பதில் சொல்ல வேண்டியது அவரை அங்கே உட்காரவைத்தவர்கள். சோதிக்கத் தனி ஆட்களை வைப்பதும், ஏழைக்குப் பாதிக் கட்டணம் என்று அறிவிப்பதும் அவர்கள் வேலை. 2019 முதல் அப்படி ஒரு சலுகைத் திட்டம் அங்கே நடக்கவும் நடக்கிறது.

அங்கே டிரைவர் விட்டுவிட வேண்டும் என்பது விதி. இங்கே கண்டக்டர் விடக்கூடாது என்பது விதி. இரண்டிலும் மனிதனுக்குத் தன் விருப்பம் என்று கொஞ்சம்தான் மிஞ்சுகிறது, அதிலும் குரலின் ஏற்ற இறக்கம்தான் பெரும்பங்கு.

*

2021 மே 7 அன்று சென்னைச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்த பெண் குற்றவாளி. மே 8 அன்று அவர் விருந்தாளி. இடையில், பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்ற உத்தரவில் ஒரு கையெழுத்து. அந்தப் பெண்ணின் குணத்தில் ஒன்றும் மாறவில்லை.

பணம் இல்லாவிட்டாலும் டிக்கெட் உண்டு. எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்குக் காட்டித்தான் அரசிடமிருந்து கழகம் தொகையைப் பெற வேண்டும். பெண்கள் மட்டும் நிற்கும் நிறுத்தத்தில் சில டிரைவர்கள் வண்டியை நிறுத்தாமல் போகிறார்கள் என்ற புகார் அப்போது பரவலாக வந்தது. காசு கொடுக்காதவர் என்ற பெயர் சட்டத்திலிருந்து நீங்கினாலும் சிலரின் பிரேக்கிலிருந்து நீங்கவில்லை. ஏய்த்தவர் மேலான கோபம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெறும் இளக்காரம் என்று பிரித்துப் பார்க்க அது ஒரு வாய்ப்பு.

*

2024 மே. நாங்குநேரியில் சீருடையோடு ஏறிய காவலர் டிக்கெட் எடுக்க மறுத்தார். கண்டக்டரோடு வாக்குவாதம், யாரோ செல்போனில் எடுத்தார்கள், ஊரெல்லாம் பார்த்தது. வாரண்ட் இருந்தால்தான் காவலருக்கு இலவசம், இல்லாவிட்டால் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அடுத்த நாட்களில் மாநிலத்தின் பல இடங்களில் அரசு பஸ்களுக்குப் போலீஸ் அபராதம் போடத் தொடங்கியது: நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு, டிரைவர் சீட் பெல்ட் போடாததற்கு. அரசின் ஒரு கை மறு கையைக் கிள்ளியது. கடைசியில் இரண்டு துறைச் செயலாளர்களும் பேசித் தீர்த்தார்கள். அந்தக் காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்துக்கொண்ட வீடியோவும் வந்தது.

சிரிக்கலாம். ஆனால் அந்தக் கண்டக்டர் கேட்டாரே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. எளியவரிடம் கறாராகவும் சீருடையிடம் கனிவாகவும் இருப்பதுதான் உலக வழக்கம். அவர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்.

*

"சில்லறை இல்ல, இறங்கும்போது வாங்கிக்க." டிக்கெட்டின் பின்னால் பேனாவால் 5 என்று எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில், கூட்டத்தில், பலர் கேட்காமலேயே போய்விடுவார்கள். கேட்டால் கண்டக்டர் கொடுத்துவிடுவார், அது வேறு. கேட்காமல் போனால் கூப்பிட்டுக் கொடுக்கும் கண்டக்டர்களும் இருக்கிறார்கள். ஓடும் வண்டியிலிருந்து ஜன்னல் வழியாக நீட்டியவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படியில்லை. ரூபாய் அதேதான், திசை மட்டும் வேறு. இதற்கு எந்தச் செக்கிங்கும் ஏறுவதில்லை.

2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவின் சிங்காரச் சென்னை அட்டையை மாநகர பஸ்ஸிலும் தட்டலாம். ஃபோனிலும் செலுத்தலாம். சில்லறைச் சாக்கு இரண்டு பக்கமும் போய்விடும். "மறந்தே போச்சு" என்பவர் மட்டும் தொடர்ந்து ஏறுவார். அவரிடம் எப்படிக் கேட்பது என்பதை அட்டையைத் தட்டும் மெஷினில் யாரும் ஏற்றி அனுப்பப்போவதில்லை. அது கண்டக்டரிடம்தான் இருக்க வேண்டும்.